ஒலி உமிழ்வுக் கருவியோடு நான்கு வருடம்: சுங்கை சிப்புட்டிலிருந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் சாலையோரம் எங்கள் சிறிய கல் சோதனைக்கூடம் இருக்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லும் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல்லும்தான் அதிகம் வரும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைகளாக அறுத்து, அழுத்தி உடைப்போம். உடைவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதற்காக, விரிசல் விழும்போது எழும் ஒலியைப் பிடிக்கும் ஒலி உமிழ்வுக் கருவி வாங்கி நான்கு வருடமாகிறது. ஆறு சென்சார், அவற்றின் மெல்லிய சிக்னலைப் பெருக்க ஆறு ப்ரீ-ஆம்ப், ஒரு கணினி.

கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெயில் ஏறினால் கித்தாக் காய் படீரென்று வெடிக்கும். ஓட்டுக்குள் தேங்கியிருந்த விசையில் கொஞ்சம் சத்தமாக வெளியே வரும். கல்லிலும் அதேதான். ஆனால் விரிசல் மிக நுண்ணியது என்பதால் ஒலி 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே போய்விடுகிறது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

முதல் ஆறு மாதத் தரவில் பாதியைத் தூக்கிப் போட்டேன். ஹைட்ராலிக் பம்பின் மோட்டார் இரைச்சல் ஒரு பக்கம், கல்லின் முனை இரும்புத் தட்டில் உரசும் சத்தம் இன்னொரு பக்கம். எர்த் கம்பியைச் சரிசெய்து, கல்லுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய டெஃப்லான் தாள் வைத்த பிறகுதான் நிம்மதி. சென்சாரை ஒட்டும் கிரீஸும் அப்படித்தான்: அதிகம் தடவினால் மதிய வெக்கையில் இளகி, சென்சார் வழுக்குகிறது. மெலிதாகத் தடவி ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள்.

ஒவ்வொரு கல்லையும் ஏற்றியதும், சென்சார்கள் சரியாகக் கேட்கின்றனவா என்று பார்க்கப் பென்சில் சோதனை செய்கிறோம். 0.5 மில்லிமீட்டர் 2எச் பென்சில் முனையை 3 மில்லிமீட்டர் நீட்டி, ஒவ்வொரு சென்சார் அருகிலும் கல்லின் மேல் ஒடிப்போம். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். இதைச் செய்யாத நாளின் முடிவு எதையும் நான் நம்புவதில்லை.

ஒருநாள் பாதிச் சோதனையில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் அதே கல்லை மறுபடி அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. "அண்ணே, சென்சார் செத்துப்போச்சு போல," என்றான் கூட வேலை செய்யும் தம்பி. பென்சில் ஒடித்துப் பார்த்தோம், ஆறும் நன்றாகவே கேட்டன. முந்தைய நாள் நிறுத்திய அழுத்தத்தைத் தாண்டியதும் மளமளவென்று ஒலிகளின் எண்ணிக்கை ஏறியது. 1950இல் ஜெர்மானிய ஆய்வாளர் யோசெஃப் கைசர் உலோகங்களில் கண்டு எழுதிய விளைவு அது. தான் ஏற்கெனவே தாங்கிய சுமை வரை கல் பேசாது. படித்திருந்தேன்தான், ஆனால் அன்று என் கண்முன் நடந்தபோது உடம்பு சிலிர்த்தது.

இந்தக் கருவியை விற்பவர்கள் பெரிதாகக் காட்டுவது விரிசல் இருக்குமிடத்தைப் புள்ளிகளாக வரையும் படம். அழகாக இருக்கும், ஆனால் கவனம் தேவை. கருங்கல்லில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் அலை வந்த நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறோம்; அந்த நேரத்தை ஒரு மைக்ரோ நொடி தவறாகக் குறித்தால் 5 மில்லிமீட்டர் வரை பிசகும். 50 மில்லிமீட்டர் கல்லில் அது பெரிய பிழை. அப்புறம், விரிசல் பெருகப் பெருக வேகமே குறைகிறது. தொடக்கத்தில் அளந்த வேகத்தை வைத்து முடிவு வரை கணக்குப் போடாதீர்கள்.

நான் அதிகம் நம்புவது சிறிய ஒலிகளுக்கும் பெரிய ஒலிகளுக்கும் உள்ள விகிதத்தை. 1962இல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கியோ மோகி, பாறை ஒலிகளின் விகிதம் நிலநடுக்கங்களுடையதைப் போலவே இருப்பதைக் காட்டினார். எங்கள் கருங்கல்லில் பாதிச் சுமை வரை சிறு ஒலிகள்தான். உடையும் நேரம் நெருங்க, பெரியவற்றின் பங்கு ஏறுகிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

துளை நிறைந்த மென்கல்லில் அலை வழியிலேயே தேய்ந்துவிடும், அதற்கு இதை வாங்க வேண்டாம். கருங்கல்லோடு வேலை செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். உருளையின் இரு முனைகளிலும் எங்கள் இடக்கணிப்பு இன்னும் தடுமாறுகிறது. இந்த வருடம் அங்கே வைக்க மேலும் இரண்டு சென்சார் வாங்குகிறோம்.