எட்டுத் துண்டுத் தொப்பி: பழைய துணியா, புது ட்வீடா?

1920-களில் பிரிட்டனில் தொழிலாளர்கள் போட்ட, எட்டு முக்கோணத் துண்டுகளை உச்சியில் சேர்த்துத் தைக்கும் எட்டுத் துண்டுத் தொப்பியை இன்று கையால் தைப்பவர்களுக்கு முதல் குழப்பமே துணிதான்.

பழைய கம்பளிக் கோட்டைப் பிரித்து எடுக்கும் துணியின் மங்கிய நிறம் புதுத் துணியில் வராது. ஆனால் நம்பிக் கத்தரி வைக்க முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பூச்சி அரித்த இடங்கள் ஊசிமுனைப் பொட்டுகளாகத் தெரியும். ஓரத்தை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். பொசுக்கென்று கிழிந்தால் விட்டுவிடலாம், தையலும் நிற்காது. எட்டும் சின்னத் துண்டுகள் என்பதால் ஓட்டையை ஒதுக்கி வெட்ட முடிவது ஒரு வசதி. மேல்பாகத்தை ஒரே துண்டாக வெட்டும் தட்டைத் தொப்பிக்கு அது வாய்க்காது.

ஹாரிஸ் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணியைப் புதிதாக வாங்கினால் இந்தத் தலைவலி குறைவு. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் நெய்தால்தான் அந்தப் பெயர். 1993-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். துண்டுக்குத் துண்டு கட்டம் போட்ட டிசைனைப் பொருத்தத் தாராளமாகத் துணி கிடைக்கும்.

விற்கப் பத்துத் தொப்பி வேண்டுமா, சரி, ட்வீட்தான். ஒன்றே ஒன்று, அதுவும் அந்தக் காலத்துப் பொருளாகவே தெரிய வேண்டுமென்றால் நான் பழைய துணிப் பக்கம். அப்புறம், முன்விளிம்புக்குள் அந்தக் கால வழக்கப்படி அட்டை வைக்காதீர்கள். ஒரு மழைக்கே வளைந்துவிடும்.