முறமா, சல்லடையா, சட்டியா? கலவையைப் பிரிக்க எது தோது

ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவையைப் பிரிக்கும் முறைகள் வரிசையாக வரும்: கையால் பொறுக்குதல், தூற்றுதல், சலித்தல், தெளியவைத்து இறுத்தல், வடிகட்டுதல், ஆவியாக்குதல், காந்தத்தால் பிரித்தல். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணத்தை மனப்பாடம் செய்து பிள்ளைகள் மார்க் வாங்கிவிடுவார்கள். "சரி, இந்த அரிசியில் கல் கிடக்கிறது, என்ன செய்வாய்?" என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அங்கே ஒரே வேலைக்கு நாலைந்து முறைகள் போட்டிக்கு வந்து நிற்கும். எது ஜெயிக்கும் என்பது பொருள்களுக்கு இடையே என்ன வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சல்லடை பருமனை மட்டும் பார்க்கும். முறமும் காற்றும் கனத்தைப் பார்க்கும். காந்தத்துக்கு இரும்பு போன்ற சில உலோகங்கள் மட்டும்தான் கண்ணில் படும்.

முதலில் அரிசி. உள்ளே கொஞ்சம் உமி, தவிடு, குருணை, ஒன்றிரண்டு நெல், சின்னச் சின்னக் கல் எல்லாம் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

கையால் பொறுக்கினால் நெல்லும் கறுப்புக் கல்லும் போய்விடும். நிறம் வேறாகத் தெரிந்தால்தான் கை போகும் என்பதால் வெள்ளைக் கல் தப்பிவிடும். ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கழுத்து வலிதான் மிச்சம். ஆனாலும் இந்த முறையை மட்டமாக நினைக்க வேண்டாம். அரிசி மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆலையில் ஒரு இயந்திரம் ஓடிவரும் அரிசியைக் கேமராவால் பார்த்து, நிறம் மாறிய மணியைக் காற்றை ஊதி ஒதுக்கிவிடும். கையால் பொறுக்குவதேதான், வேகம் மட்டும் வேறு.

சல்லடை தவிட்டையும் குருணையையும் கீழே தள்ளிவிடும். ஆனால் அரிசியின் பருமனே உள்ள கல் அரிசியோடு மேலேயே உட்கார்ந்திருக்கும். மாவுக்கும் ரவைக்கும் சல்லடையை மிஞ்ச ஆளில்லை, கல்லிடம் தோற்றுப்போகும்.

முறத்தின் கதை வேறு. புடைக்கும்போது அரிசியைத் தூக்கிப்போட்டு முறத்தை லேசாகத் தன் பக்கம் இழுப்பார்கள். உமியும் தவிடும் மெதுவாக இறங்கி முறத்தின் வாய்ப்பக்கம் விழும், அல்லது பறந்தே போகும். கனமான அரிசி கைப்பக்கம் வந்து சேரும். களத்தில் நெல் தூற்றுவதும் இதே கணக்குத்தான். அங்கே காற்று சும்மா கிடைக்கும், ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். உமிக்கு முறம் போதும். முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டிக் கொழித்தால் குருணையையும் கல்லையும்கூட ஒதுக்கலாம். அதற்குப் பழகிய கை வேண்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் முறத்தைக் கொடுத்தால் பாதி அரிசி தரையில் கிடக்கும்.

கல்லுக்கு என் ஓட்டு அரிக்கஞ்சட்டிக்குத்தான். உட்புறம் வரிவரியாகப் பள்ளம் போட்ட சட்டி அது. அரிசியையும் தண்ணீரையும் அதில் விட்டுச் சுழற்றி, அரிசியைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்ப்பார்கள். கல் வரிகளில் சிக்கி அடியில் நின்றுவிடும். தண்ணீர் ஏன் காற்றை ஜெயிக்கிறது? ஒரு கன சென்டிமீட்டர் அரிசியின் எடை ஏறத்தாழ 1.45 கிராம், அதே அளவு வெள்ளைக் கல் 2.65 கிராம். காற்றில் கல்லின் கனம் அரிசியைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. தண்ணீருக்குள் போட்டால் இரண்டுமே ஒரு கிராம் எடையை இழக்கின்றன, ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி. மிச்சம் 0.45, 1.65. இப்போது வித்தியாசம் மூன்றரை மடங்குக்கும் மேல்! தண்ணீர் கல்லையும் அரிசியையும் மாற்றவில்லை. அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கும் விலை உண்டு. நனைந்த அரிசியைப் பானையில் சேமித்து வைக்க முடியாது. உடனே உலையில் போட வேண்டும், இல்லையென்றால் உலர்த்த வேண்டும். நீரில் கரையும் பி1 வைட்டமினும் கழுநீரோடு கொஞ்சம் போய்விடும். ரவைக்கு இந்த யோசனையே வேண்டாம்.

(அரிசியில் வண்டு இருந்தால்? வெயிலில் பரப்பினால் அதுவே நடந்து வெளியே போய்விடும். கலவையில் ஒரு பொருள் தானாகப் பிரிந்து போகும் முறைக்குப் பாடநூலில் பெயர் இல்லை.)

அடுத்தது கலங்கிய தண்ணீர். வடிகட்டுவதா, தெளியவைப்பதா? வடிகட்டி என்பதும் சல்லடைதான், கண் மட்டும் சிறியது. குச்சி, இலை, மணல் எல்லாம் துணியில் நின்றுவிடும். களிமண் நிற்காது. களிமண் துகளின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. துணியின் இழைகளுக்கு இடையே அது தாராளமாகப் புகுந்து போய்விடும். சரி, தெளியட்டும் என்று விட்டால், அந்த ஐந்நூறில் ஒரு பங்குத் துகளே தண்ணீரில் 10 சென்டிமீட்டர் இறங்க எட்டு மணி நேரம் ஆகும். அதைவிட நுண்ணியவை நாள்கணக்கில் மிதக்கும். எல்லாத் துகளிலும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும்; சேர்ந்து கனமாகாது.

இங்கேதான் படிகாரம் வருகிறது. அதிலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கும். துகள்கள் ஒட்டித் திரண்டு, திட்டுத்திட்டாக அடியில் இறங்கும். பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுகிற பழைய வழக்கமும் துகள்களைச் சேர்த்துக் கனமாக்குகிற வேலைதான். ஆகவே களிமண் விஷயத்தில் தெளியவைப்பதற்கே முதல் இடம், ஆனால் படிகாரத்தின் துணையோடு. தெளிந்ததாலேயே அது குடிநீராகிவிடாது. கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

அதற்காகத் துணியை ஒதுக்கிவிடவும் முடியாது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீர் வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி துணியில் புகுந்துவிடும் அளவுக்குச் சிறியதுதான். ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் துணியில் மாட்டிக்கொண்டன. புதுப் புடவையைவிடப் பழையதே மேல்: துவைத்துத் துவைத்து இழை பிரிந்து இடைவெளி அடைபட்டிருக்கும்.

உப்பு கரைந்த தண்ணீருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. உப்பு வேண்டுமென்றால் நீரை ஆவியாக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் எரிபொருள் வெயில், அதனால் செலவில்லை. அடுப்பில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, கொதிநிலைக்கு வந்த பிறகும் அரை யூனிட் மின்சாரத்துக்கு மேல் வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் கிடைப்பதோ சுமார் 35 கிராம் உப்புகள். உப்புகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீர் வற்ற வற்ற கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் முதலில் படியும், பிறகு சமையல் உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் இருக்கும். அதை வெளியேற்றாமல் முழுக்க வற்றவிட்டால் உப்பு கசக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு கலவை: மணல், உப்பு, இரும்புத் தூள், மரத்தூள். இங்கே போட்டி முறைகளுக்கு இடையே இல்லை, எது முன்னே எது பின்னே என்பதில்தான். மரத்தூளை முதலில் ஊதிப் பறக்கவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கண்ணில் விழும், வேண்டாம். காய்ந்திருக்கும்போதே காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி ஓட்டுங்கள். காகிதம் இல்லாவிட்டால் தூளைக் காந்தத்திலிருந்து உதிர்க்கவே முடியாது. ஈரத்துக்குப் பிறகு காந்தம் என்றால் தூள் மணலோடு அப்பிக்கொள்ளும், துருவும் ஏறும். அப்புறம் தண்ணீர் விட்டு, மிதக்கும் மரத்தூளை உடனே அள்ளி எடுத்து, மணலை வடிகட்டி, வடிநீரை வெயிலில் வையுங்கள். உப்பு பழுப்பாக வந்தால் மரத்தூள் அதிக நேரம் ஊறிச் சாயம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை அதைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.