அம்மாவின் இடுப்பு மூட்டு: கோத்தகிரியிலிருந்து இறங்கிப் போன அனுபவம்

அம்மாவுக்கு வயது 72. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காகக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் 9.8 என்றதும் தேதி தராமல் திருப்பி அனுப்பினார்கள். அன்று எனக்குக் கோபம்தான். இரத்தச் சோகையோடு மூட்டு மாற்றினால் வெளியிரத்தம் ஏற்றும் நிலை வரலாம், தேறுவதும் தாமதமாகும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இரும்புச்சத்து ஊசிக்குப் பின் 12 ஆனது. அறுவையின்போது முதுகில் மரப்பு ஊசி, இரத்தக் கசிவைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம். ஒரு யூனிட் இரத்தம்கூட ஏற்றவில்லை. மறுநாளே வாக்கர் பிடித்து நான்கடி நடந்தார், விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டு.

ஒரே குறை, படியேறப் பழக்காமலே அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு 23 படி! ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்று உள்ளூர் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். மலைவாசிகளே, வீடு திரும்பும் முன் இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.