மொட்டைமாடியா, கொல்லையா? செட்டிநாட்டு வீட்டில் ஹாம் ஆன்டெனா

பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் கைக்கு வந்ததும் ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இருப்பது இரண்டே இடம்: மொட்டைமாடி, இல்லையென்றால் பின்கட்டைத் தாண்டிய கொல்லை. நான் கொல்லையில் 9 மீட்டர் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு, 7 மெகாஹெர்ட்ஸுக்குத் தலைகீழ் வி வடிவில் கம்பி ஆன்டெனா கட்டியிருக்கிறேன். அதனால் கொல்லைப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மாடியில் உயரம் சும்மா கிடைக்கிறது, கேபிளும் குறைவு. 145 மெகாஹெர்ட்ஸில் பேசுபவர்களுக்கு இது பெரிய விஷயம். அந்த அலைவரிசையில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் 30 மீட்டர் ஓடினால் முக்கால் பங்கு சக்தி வரை கேபிளிலேயே போய்விடும். தடித்த ஆர்ஜி-213 என்றாலும் ஏறக்குறைய பாதி. 7 மெகாஹெர்ட்ஸில் இந்தக் கவலை அவ்வளவு இல்லை. 145 மெகாஹெர்ட்ஸில் நான் கைக்கருவியோடு நின்றுவிட்டவன், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பழைய சுண்ணாம்புத் தளத்தில் போல்ட் அடித்தால் ஐப்பசி மழை அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். துளை போடுமுன் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கேட்கவும் வேண்டும். ஒருவர் சென்னையில், இன்னொருவர் கோலாலம்பூரில்.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னைக் கொல்லைக்குத் தள்ளியது எர்த்தும் அதன் பராமரிப்பும்தான். இடி மின்னோட்டம் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். நேரான கம்பிக்கே மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி தூண்டம் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. மைக்ரோ வினாடிக்கு 10 கிலோஆம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால், மாடியிலிருந்து இறங்கும் 10 மீட்டர் எர்த் கம்பியில் 1 லட்சம் வோல்ட் நிற்கும். சுவரை ஒட்டி, கார்னிஸில் வளைந்து வளைந்து இறங்கும் கம்பியிலிருந்து அது வீட்டு வயரிங்குக்குத் தாவப் பார்க்கும். கொல்லைக் கம்பத்திலும் வோல்ட் ஏறத்தான் செய்யும். ஆனால் வீட்டை விட்டுத் தள்ளி ஏறும்.

அப்புறம் மண். செம்பாறை மண் சித்திரை வெயிலில் காய்ந்தால் எர்த்தின் மின்தடை கூடிவிடும். 10 ஓமுக்குள் வைப்பது நல்லது. எர்த்துக்காக மண்ணில் அடிக்கும் ராடைக் கிணற்றடிப் பக்கம் இறக்கினால் துவைக்கிற தண்ணீரே ஈரத்தைக் காக்கும். கரியும் உப்பும் கொட்டுவது வழக்கம், ஆனால் உப்பு இரும்பைத் தின்னும், அதைவிட ஈரம் காக்கும் பென்டோனைட் களிமண் நல்லது. செம்புக் கம்பியை ஜிஐயோடு நேராக முடுக்கி மண்ணில் புதைத்தால் துத்தநாகப் பூச்சு முதலில் போகும். மூட்டு தரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் ஐப்பசிக்கு முன் ஸ்பானர் போட்டுப் பார்த்துவிடலாம். மாடியில் உள்ள மூட்டை யார் ஏறிப் பார்ப்பார்கள்?

எங்கே நிறுத்தினாலும் ஆன்டெனா எர்த்தையும் வீட்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தே ஆக வேண்டும்; நான் போட்டது 16 சதுர மில்லிமீட்டர். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையிலான வோல்ட் வித்தியாசம் ரேடியோ வழியாகத்தான் பாயும். கொல்லையில் இந்தக் கம்பி நீளமாகிறது, செலவும் கூடுகிறது. அது கொல்லையின் குறைதான். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வாயுக்குழாய் அரஸ்டர் (அதிக வோல்ட் வந்தால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வைத்து அதையும் எர்த்தில் சேர்த்திருக்கிறேன். என் கம்பத்தில் இதுவரை இடி நேராக விழுந்ததில்லை, அதனால் அது தாங்குமா என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. மேகம் கறுத்தால், முழக்கம் கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

கொல்லை வழியாக மின்கம்பி போனால் மட்டும் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தொடக்கூடாது. கம்ப உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். அவ்வளவு இடமில்லாதவர்களுக்கு மாடிதான். அங்கேயும் சுதை வேலைப்பாடு உள்ள கைப்பிடிச்சுவரில் கட்ட வேண்டாம். கீழே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து, துளை போடாமல் பாரம் ஏற்றிய இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள். எர்த் கம்பியை வெளிச்சுவரில் வளைவில்லாமல் இறக்குங்கள்.