வெள்ளித் தண்ணீரும் நியான் டிரான்ஸ்பார்மரும்: நான்கு வருட அனுபவம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கையில் வெள்ளி புரளும் தொழில். அடிக்கடி வரும் தொண்டைவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கூழ்ம வெள்ளியை, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த தண்ணீரை, வீட்டிலேயே தயாரிக்கத் தொடங்கினேன். தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். முதல் மூன்று வருடங்கள் 9 வோல்ட் பேட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்து, 27 வோல்ட்டில். கடைசி ஒரு வருடம் உயர் மின்னழுத்தத்தில். இதை எழுத வைத்தது அந்தக் கடைசி வருடம்தான்.

கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். அதனால் சுத்த வெள்ளியில் கம்பி இழுத்து வைத்துக்கொண்டேன். பேட்டரியில் ஒரு டம்ளருக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல், பழைய விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய நியான் டிரான்ஸ்பார்மரை வாங்கினேன். 230 வோல்ட்டை 10,000 வோல்ட் ஆக்கும். 30 மில்லி ஆம்பியர் தரும். ஒரு கம்பி தண்ணீருக்குள், மற்றது நீர்மட்டத்துக்கு மயிரிழை மேலே. இடையில் ஊதா நிறத்தில் பொறி பறக்கும். ஓசோன் நெடி தொண்டையை அறுக்கும். அந்தப் பொறியில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, தண்ணீரில் நைட்ரிக் அமிலம் உண்டாகும் என்பது பின்னால்தான் தெரிந்தது. வெள்ளி அதில் கரைந்தால் சில்வர் நைட்ரேட் என்ற அரிக்கும் உப்பு. அதையும் சேர்த்துத்தான் குடித்திருக்கிறேன்.

ஒரு மாலை, தெறித்த தண்ணீர் மேசைப் பலகையில் ஊறியிருந்ததைக் கவனிக்காமல் கையை ஊன்றினேன். தோள்வரை யாரோ சம்மட்டியால் அடித்தது போல் கை தூக்கி எறியப்பட்டது. விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெந்து வெளுத்த புள்ளி. பலகையில் மரக்கிளை விரிந்தது போல் கருகிய கோடுகள். விரலும் மணிக்கட்டும் ஒரே பலகையில் இருந்ததால் மின்சாரம் கையோடு போயிற்று. மறு கை வேறெதையாவது தொட்டிருந்தால் நெஞ்சைக் கடந்திருக்கும்.

ஒயரிங் வேலை செய்யும் மைத்துனரிடம், "வீட்டில்தான் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதே, ஏன் விழவில்லை?" என்று கேட்டேன். "மாமா, உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வருவதும் சமமா என்றுதான் அது பார்க்கும். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் தனிச் சுற்று. அங்கே உங்கள் உடம்பில் ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. என் பையன் அந்த மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரை யாராவது சிபாரிசு செய்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது இதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் தரும். தொட்டவர் பிழைப்பது அரிது.

பிறகு பட்டறைத் தராசில் கம்பியை எடை போட்டுப் பார்த்தேன். அரை லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறைந்திருந்தது. அத்தனையும் தண்ணீரில் இருந்தால், 50 மில்லிலிட்டர் குடித்தாலே 2 மில்லிகிராம் வெள்ளி உள்ளே போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 0.3 மில்லிகிராம்தான் வரம்பு. மறுமுறை எடை போட்டபோது குறைவு வேறாக இருந்தது. எவ்வளவு குடிக்கிறோம் என்றே தெரியாமல் குடித்திருக்கிறேன்.

டாக்டர் முதலில் என் நகங்களின் அடிப் பிறையைத்தான் பார்த்தார். வெள்ளி உடம்பில் தங்கினால் அங்கே நீலம் பூக்குமாம். நல்லவேளை, இல்லை. அமெரிக்க மாநிலம் மொன்டானாவின் அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ் இப்படி வீட்டில் தயாரித்துக் குடித்துத்தான் தோல் சாம்பல் நீலமானார். அந்த நிறம் தானாகப் போகாது. தொண்டைவலியோ, நான்கு வருடமும் வழக்கம்போல் வந்து போனது.

டிரான்ஸ்பார்மரின் ஒயரை அடியோடு வெட்டிவிட்டேன். இரண்டு கம்பிகளும் போன வாரம் கொலுசு உருக்கில் சேர்ந்துவிட்டன.