பாங்காக்கின் மூன்று கோயில்கள்: எதற்கு எவ்வளவு தகும்?

வாட் பிரா கேவ், வாட் போ, வாட் அருண். பாங்காக் போகிறவர்கள் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்கும் மூன்று புத்தர் கோயில்கள் இவை. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வரிசையாக 500, 300, 200 பாட். ஆளுக்கு 1000 ஆகிறது. நாலு பேர் போனால் கையைக் கடிக்கத்தான் செய்யும். மூன்றுமே கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் எதை முதலில், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதில் சொதப்பினால் அந்த 500 பாட் வெயிலோடு போய்விடும்.

பிரா கேவுக்குத்தான் முதலில் போக வேண்டும், அதுவும் எட்டரைக்கு வாசல் திறக்கும்போதே. 1782-இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா கட்டத் தொடங்கிய அரண்மனை வளாகத்துக்குள்ளேயே கோயில் இருக்கிறது, டிக்கெட்டும் ஒன்றுதான். மாலை மூன்றரைக்கு மேல் டிக்கெட் கிடையாது. சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் வாட் போ ஐந்து நிமிட நடை, அரண்மனை வாசல் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில்தான் வலை விரிப்பார்கள். நேர்த்தியாகச் சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்னிக்குப் பூஜை, மத்தியானம்தான் திறப்பாங்க" என்பார். கூடவே இருபது முப்பது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்ட ஒரு டுக்டுக் தயாராக நிற்கும். அது போய் நிற்கும் இடம் நகைக்கடை அல்லது தையல்கடை. அரச நிகழ்ச்சி நாட்களில் அரண்மனையைச் சில பகுதிகளிலோ முழுவதுமோ மூடுவது உண்மைதான். அதை முந்தின நாளே அரண்மனையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, தெருவில் யார் என்ன சொன்னாலும் வாசல்வரை நடந்துவிடுங்கள்.

உடை விஷயத்தில் மூன்றிலும் கறாரான வாசல் இதுதான். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ், உடம்போடு ஒட்டும் லெக்கிங்ஸ் எதையும் விட மாட்டார்கள். பெண்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது, கையில்லாத மேலாடைக்கு மேல் துப்பட்டா போட்டுச் சமாளித்துவிடலாம் என்று வரும்போதுதான். மற்ற கோயில்களில் அது செல்லும், இங்கே பெரும்பாலும் செல்லாது. நம் சுடிதாருக்கும் புடவைக்கும் பிரச்சினையே இல்லை. ஷூவுக்குப் பதில் சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு சன்னதி வாசலிலும் லேஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

மூலவர் மரகத புத்தர் என்று பெயர்பெற்றிருந்தாலும் கல் மரகதம் அல்ல, பச்சை நிறக் கல். உயரம் சுமார் 66 சென்டிமீட்டர்தான். உயர்ந்த பொன் பீடத்தின் உச்சியில் இருப்பதால் தரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இன்னும் சின்னதாகத் தெரிவார். சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். வெயில், மழை, குளிர் என்று வருடத்துக்கு மூன்று முறை அவருக்கு ஆடை மாற்றுவது அரசரின் கடமை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கால் நீட்டி உட்காரவும் கூடாது. பாதம் புத்தரைப் பார்க்காதபடி மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது நமக்குப் பழகியதுதான்.

கூட்டம் முழுக்க அந்தச் சன்னதியைத்தான் மொய்க்கிறது. எங்களைக் கேட்டால் 500 பாட்டும் சுற்றுப் பிராகாரச் சுவருக்குத்தான். தாய்லாந்தின் ராமாயணமான ராமகியனை 178 காட்சிகளாக அங்கே வரைந்திருக்கிறார்கள். வடக்கில், விஹார்ன் யோட் மண்டபத்துக்கு எதிர் வாசலில், சனகர் சீதையைக் கண்டெடுக்கும் காட்சியில் கதை தொடங்குகிறது. அங்கிருந்து பிரதட்சிணமாக நடந்தால் வரிசை தப்பாது. நடுவில் நுழைகிறவர்களுக்குத்தான் ஒன்றும் புரியாமல் போகிறது. கதையும் நாம் கேட்டு வளர்ந்த கதை அல்ல. இங்கே சீதை இராவணனின் மகள். அனுமன் பிரம்மச்சாரியும் அல்ல. சேது அணையைக் குலைக்க இராவணன் அனுப்பும் இன்னொரு மகள் சுவர்ணமச்சை, இடுப்புக்குக் கீழே மீன். அவளை மடக்கப் போன அனுமன் அவளையே காதலித்துவிடுகிறான். கிரீடங்களிலும் தேர்களிலும் பூசிய பொன் காலைச் சாய்வெயிலில்தான் மினுங்கும். போர்க்களத்துக்குக் கீழே ஓரங்களில் சமைப்பவர்களும் வம்பளப்பவர்களுமாகச் சாதாரண சனங்களையும் வரைந்திருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். முக்கால் மணி நேரமாவது இதற்கு வேண்டும். வாசல் காக்கும் அரக்கர் சிலைகளில் பச்சை நிறத்தவர், பல முகங்கள் அடுக்கியவர், தொட்சகான். நம் தசகண்டன்தான்.

பதினொன்றுக்குள் வெளியே வந்தால் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தர். மண்டபத்தைச் சிலைக்கு ஒட்டத் தைத்த சட்டை மாதிரி கட்டியிருக்கிறார்கள், எங்கே நின்றாலும் தூண் மறைக்கும். முழு உருவமும் ஓரளவு ஒரே படத்தில் அடங்குவது பாதத்தின் பக்கம் நின்றால்தான். உள்ளங்காலில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். முகத்தைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கலயங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் கொடுத்தால் ஒரு கிண்ணம் சில்லறை தருவார்கள், கலயத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். கவனம் நாணயத்தில் இருக்கும்போது பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது நல்லது.

சயன புத்தரோடு கிளம்பிவிட்டால் 300 பாட் அதிகம்தான். வளாகத்தைச் சுற்றினால் தகும். உடம்பை முறுக்கி ஆசனமிடும் ரிஷி சிலைகளும், 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய கல்வெட்டுகளும் இங்கே இருக்கின்றன. மருத்துவமும் மசாஜும் அந்தக் கல்வெட்டுகளில் பாடமாகவே பொறிக்கப்பட்டவை. வளாகத்துக்குள்ளேயே மசாஜ் மண்டபமும் உண்டு. மதியத்துக்கு மேல் வரிசை நீளும் என்பதால் உள்ளே நுழைந்ததும் பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை சுற்றிப் பாருங்கள்.

அடுத்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வாட் அருண். வாட் போவுக்குப் பின்னாலுள்ள தா தியென் துறையிலிருந்து படகு, ஐந்து பாட். "தனிப்படகு, ஸ்பெஷல்" என்று அழைப்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம், அக்கரை எதிரிலேயே தெரிகிறது. கோபுரத்தில் பதித்திருப்பவை உடைந்த சீனப் பீங்கான் துண்டுகள். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கிட்டே போனால் தட்டின் விளிம்பும் பூவிதழுமாகப் பிரியும். படிகள் செங்குத்து, ஏறுவதைவிட இறங்குவது சிரமம், மூட்டுவலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுவிடலாம். வாடகைக்குத் தாய் பட்டுடை உடுத்திப் படமெடுப்பவர்கள் படிகளை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் இங்கே பெரிய தொல்லை. சூரியன் மறையும்போது கோயிலுக்குள் இருப்பதில் லாபமில்லை. திரும்ப ஐந்து பாட் கொடுத்துத் தா தியென் கரைக்கு வந்து நின்றால் கோபுரத்துக்குப் பின்னால் வானம் சிவப்பதைப் பார்க்கலாம்.

துறவிகள் எதிர்ப்பட்டால் பெண்கள் தொடாமல் விலகி வழிவிட வேண்டும். எதையாவது கொடுப்பதானால் அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். வாசலில் விற்கும் புத்தர் சிலையை வாங்குமுன் யோசியுங்கள். நாட்டைவிட்டு எடுத்துப் போக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

இன்னும் அரை நாள் கையில் இருந்தால் வாட் சுதாட். அதன் முன்னால் சிவப்பாக நிற்கும் ராட்சத ஊஞ்சலில் ஆடும் சடங்கு 1935-இல் நின்றுவிட்டது. அந்தத் திருவிழாவின் பெயர் திரியம்பாவாய். மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவைதான் அது. ஊஞ்சல் நின்ற பின்னும் ஓதுவது நிற்கவில்லை. அரசவைப் பிராமணர்களின் கோயிலான தேவஸ்தானம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.