நீளமான வளவு வீட்டுக்கு மெஷ் வைஃபை: டெக்கோ எக்ஸ்50 எப்படி இருக்கு?

திருநெல்வேலி டவுன்ல ரதவீதிக்கு உள்ள தள்ளி இருக்குத பழைய வீடுங்க எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், அகலம் கொஞ்சம் போலதான், நீளம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். முன்னால தார்சா, அடுத்து பட்டாசல்ங்கிற கூடம், பொறவு ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல், மேல மச்சு. எல்லாம் கனமான காரைச் சுவரு. நெட் மாட்ட வாரவங்க ஃபைபர் பெட்டிய தார்சாலயே அடிச்சிட்டுப் போயிருவாங்க, அங்கன உக்காந்தா 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு முழுசா கெடைக்கும், அடுக்களைக்குப் போனா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ கூட சுத்திக்கிட்டே கெடக்கும். இந்த மாதிரி வீட்டுக்கு எந்த மெஷ், அதாவது அங்கங்க ரெண்டு மூணு பெட்டி வச்சி வீடு முழுக்க ஒரே வைஃபையா பரப்புதது, வாங்கலாம்னு கேக்குதவங்களுக்குத்தான் இத எழுதுதேன். எங்க வீட்ல ஓடுதது டிபி-லிங்க் டெக்கோ எக்ஸ்50, மூணு யூனிட் பேக்.

பெட்டி நல்ல பெட்டி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்ம வீடுகளுக்கு பெட்டிக்கு செலவழிக்கறத விட யூனிட்டுக்கு யூனிட் வயரு இழுக்கறதுக்கு செலவழிங்க, அதான் நான் சொல்ல வந்தது.

எதுக்குன்னா, எக்ஸ்50 டூயல் பேண்டு, 5, 2.4 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டே அலைவரிசை. வைஃபை 6, ஏஎக்ஸ்3000ன்னு டப்பால போட்டிருக்கும், 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 574, ரெண்டையும் கூட்டி ரவுண்டாக்குனதுதான் அந்த 3000. அந்த 2402 கூட 160 மெகாஹெர்ட்ஸ்னு அகலமான சேனல் எடுக்குத போனோ லேப்டாப்போ இருந்தாதான், பாதிப் போனு எடுக்காது. வயரு இல்லாம வச்சா ரெண்டாவது யூனிட்டு ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவ வச்சுத்தான் முதல் யூனிட்டுகிட்டயும் பேசணும், உங்க போனுகிட்டயும் பேசணும், அதனால வேகம் ஏறக்குறைய பாதியாப் போயிரும். அதுக்குப் பின்னால மூணாவது யூனிட்டுன்னா அந்தப் பாதில பாதி. சதுரமான வீடுன்னா மெயின் யூனிட்ட நடுவுல வச்சி மத்ததெல்லாம் அதுகிட்ட நேரா பேசும்படி பண்ணிக்கிடலாம், நம்ம வீடு ஒரே வரிசை, தார்சாலருந்து பட்டாசல், அங்கருந்து அடுக்களைன்னு தாண்டித் தாண்டித்தான் போவணும், ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு காரைச் சுவரு வேற. 5 கிகாஹெர்ட்ஸ் சுவத்தப் பாத்தாலே சோர்ந்துரும், 2.4 கொஞ்சம் ஊடுருவும் ஆனா வேகம் கம்மி.

வயரு இல்லாம வச்சிருந்தப்போ அடுக்களைல 60ஐத் தாண்டல. யூடியூப் பாக்க அது போதும், மச்சுல உக்காந்து ஆபீஸ் மீட்டிங் போடுத மதினிக்கு பத்தாது.

பொறவு கேட்6ங்கிற நெட்வொர்க் வயரு இழுத்தோம், பக்கத்து சந்துச் சுவரோரமா பிவிசி பைப்புக்குள்ள விட்டு, கரண்டு வயரு பைப்போட சேக்காம தனியா. எக்ஸ்50ல ஒவ்வொரு யூனிட்லயும் மூணு கிகாபிட் போர்ட் இருக்கு, எதுல சொருகினாலும் அதுவே கண்டுபிடிச்சி வயரு வழியா பேச ஆரம்பிச்சிரும், ஆப்ல ஒண்ணும் செட் பண்ண வேண்டாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்பவும் அடுக்களைல ஸ்பீடு 94லயே நின்னுட்டு. ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது. இந்த 94ங்கிற நம்பர எங்க பாத்தாலும் லிங்க் 100 எம்பிபிஎஸ்ல நிக்குதுன்னு அர்த்தம், உடனே கனெக்டரப் பாருங்க. வயரு மாட்டுன தம்பி எட்டு கம்பில நாலு மட்டும் கனெக்டருக்குள்ள வச்சி அழுத்தி (கிரிம்ப் பண்ணி) மிச்ச நாலையும் வெட்டி உள்ள மடக்கி விட்டிருந்தாரு. 100க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். கனெக்டரு கண்ணாடி மாதிரிதான இருக்கு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாலே எட்டு கலரும் முனை வரைக்கும் வந்திருக்கான்னு தெரியும், ஆளு நிக்கும்போதே பாத்துருங்க. எட்டையும் போட்டு அடிச்ச பொறவு புறவாசல் வரைக்கும் 280க்கு மேல வருது. வயரு வாங்கும்போது முழு காப்பர்னு கேட்டு வாங்குங்க, சிசிஏன்னு வெல கம்மியா ஒண்ணு குடுப்பாங்க, அது அலுமினியத்துல காப்பர் பூச்சு, வேண்டாம்.

ஆச்சி துபாய்ல இருக்குத சித்தப்பாகிட்ட வீடியோ கால் பேசிக்கிட்டே தார்சாலருந்து அடுக்களைக்கு நடந்து போவாங்க, முன்னாடி பட்டாசல் தாண்டுனதும் கட்டாயிரும், இப்ப ஒரு நொடி படம் நின்னு திரும்ப ஓடுது, பேச்சு அறுந்து போகல. பழைய போனு சிலது முதல் யூனிட்ட விடாமப் பிடிச்சிக்கிட்டே அலையும், அதுக்கு ஆப்ல ஃபாஸ்ட் ரோமிங், அதாவது யூனிட்டு விட்டு யூனிட்டு சீக்கிரம் மாறுத வசதிய ஆன் பண்ணிப் பாருங்க, போனு அத எடுத்தாதான் உதவும். சிசிடிவி, பிரிண்டர் மாதிரி 2.4 மட்டும் எடுக்குத சாமானுக்கு ஐஓடி நெட்வொர்க்னு தனியா ஒரு பேரு வச்சிக்கிடலாம், நல்ல வசதி.

செட் பண்ணும்போது ஒண்ணு கவனிங்க. நெட் கம்பெனிக்காரன் குடுத்த ஃபைபர் பெட்டியும் ரவுட்டர்தான், டெக்கோவும் ரவுட்டர், ரெண்டும் போனு, லேப்டாப்புக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) குடுத்தா சில கேமுக்கும் ஆபீஸ் விபிஎன்னுக்கும் தகராறு வரும். டெக்கோவ வைஃபைய மட்டும் பரப்புத ஆக்சஸ் பாயிண்ட் மோடுல போட்டு அந்த ஃபைபர் பெட்டியோட வைஃபைய ஆஃப் பண்ணிருங்க, வேலை முடிஞ்சி போச்சி. ஆனா பிள்ளைங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கணும்னா அந்த மோடுல அது வராது, அப்படி வேணுங்கறவங்க ஃபைபர் பெட்டிய, ரவுட்டர் வேலை பாக்காம நெட்ட மட்டும் கடத்துத பிரிட்ஜ் மோடுல போட்டுத் தரச் சொல்லி கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க.

கரண்ட் போனா என்ன ஆவும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மூணு யூனிட்டுக்கும் கரண்டு வேணும், பட்டாசல் யூனிட்டு அணைஞ்சா அதுகிட்டருந்து வயரு போற அடுக்களையும் அவுட். பழைய வீட்ல இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுந்தான் இழுத்திருப்பாங்க, எலக்ட்ரீஷியன் வரும்போதே யூனிட் வைக்குத எடத்துக்கு ஒரு பிளக் எடுத்துருங்க. ஐப்பசி, கார்த்திகைல இடி வெட்டும்போது வெளிய ஓடுத வயர கழட்டி வச்சிருங்க, அடாப்டரையும் சேத்து.

எக்ஸ்50தான் வாங்கணுமான்னா, வயரு இழுக்கறதுன்னு முடிவாயிட்டா 100, 150 பிளான் வச்சிருக்கவங்களுக்கு டெக்கோ எம்4 தாராளமாப் போதும், ஏசி1200ங்கிற பழைய தலைமுறை வைஃபைதான், ஆனா போர்ட் ரெண்டும் கிகாபிட். அதே மாதிரி தெரியுத ஈ4 வேண்டாம், அதுல போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், நாளைக்கு பிளான ஏத்துனா மாட்டிக்கிடுவீங்க. 300ம் அதுக்கு மேலயும், வீட்ல ஆளும் சாமானும் ஜாஸ்தின்னா எக்ஸ்20 இல்லன்னா எக்ஸ்50. வயரே இழுக்க முடியாது, வாடகை வீடுன்னா எக்ஸ்50 பக்கம் போங்க, அங்கதான் அந்த கூடுதல் வேகம் உதவும். ரெண்டாவது யூனிட்ட சிக்னல் செத்த எடத்துல வைக்காம, சிக்னல் இன்னும் நல்லா இருக்குத எடத்துல வைங்க, கதவுக்கு நேரா, இரும்பு பீரோவுக்குப் பின்னால வேண்டவே வேண்டாம்.

மகாராஜநகர் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல இருக்கவங்க மெஷ்ஷே வாங்க வேண்டாம், இருக்குத பெட்டிய டிவிக்குப் பின்னாலருந்து எடுத்து ஹால் நடுவுல ஒசரமா மாட்டிப் பாருங்க முதல்ல.